எண்ணெய்ச் சட்டியும் தொழிலாளியின் மூச்சும்

மாலை ஆறு மணியானால் நீலசந்திராவில் பஜ்ஜி, போண்டாக் கடைகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடுகிறது. கட்டட வேலையிலிருந்து திரும்புவோருக்கும் குமாஸ்தாக்களுக்கும் குறைந்த காசில் பசியாற்றும் பண்டம் அதுதான். ஆகவே சாப்பிடுகிறவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கேட்க வேண்டியது, சட்டியில் கொதிப்பது எத்தனையாவது நாள் எண்ணெய் என்பதே.

கெட்ட எண்ணெயால் மாரடைப்பு வரும் என்பது பலருக்கும் தெரியும். நுரையீரலுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்தவர்கள் குறைவு. சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. உணவிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியோ நிணநீர்க் குழாய் வழியே கழுத்தடியில் ரத்தத்தில் கலந்து, இருதயத்தின் மூலம் முதலில் நுரையீரலுக்கே போய்ச் சேருகிறது. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலமும் பெரும்பாலும் கொழுப்புப் பொருளே.

ரத்தத்தில் ஓடும் கொழுப்பு அமிலங்கள் அளவுக்கு மிஞ்சினால் இன்சுலின் சரிவர வேலை செய்யாது; சர்க்கரை வியாதிக்கு அது வழி. ஆனால் எல்லாக் கொழுப்பும் பகையல்ல. மீனிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள் உள் அழற்சியைத் தணிக்கக் கூடியவை. 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 15,000 பேரை ஏழாண்டுக் காலம் கவனித்தார்கள். ரத்தத்தில் இந்த அமிலங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு நுரையீரலின் திறன் மெதுவாகவே குறைந்ததாம். பீடி பிடிப்பவர் மீன் தின்று தப்பிவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. எண்ணெய்ப் புகையும் அப்படித்தான். கடும் சூட்டில் பொரிக்கும் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது. சட்டியருகே நாள் முழுவதும் நிற்பவரும் தொழிலாளிதானே!

சட்டம் இல்லாமல் இல்லை. பொரித்துப் பொரித்து எண்ணெயில் சேரும் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்கும் திட்டமும் 2018-லேயே அறிவிக்கப்பட்டது.

சிறு கடைக்காரருக்கு எண்ணெயைக் கொட்டுவது நஷ்டம். அபராதம் மட்டும் விதித்தால் அவர் ஒளித்து வைப்பார். விலை கொடுத்து வாங்கிக்கொண்டால் தானே கொண்டுவந்து தருவார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பெரிய ஓட்டல்களோடு நிற்காமல், சோதனைக் கருவியோடும் சேகரிப்பு வண்டியோடும் நீலசந்திராவின் சந்துகளுக்கும் வரவேண்டும்.

வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. மங்களூரார் பூத்தாய் என்னும் மத்தியும், கானாங்கெளுத்தியும் வஞ்சிரத்தைவிட மிகவும் மலிவு. அந்தச் சத்தும் மிகுந்தவை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் எண்ணெய்ச் செலவும் மிச்சம். சைவர்களுக்கு, வட கர்நாடகத்தார் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் அகசே, அதாவது ஆளி விதைப் பொடி இருக்கிறது. அதில் சிறு பங்கே மீனின் சத்தாக மாறினாலும் நல்லதே.

மூச்சு இருந்தால்தான் மூட்டை தூக்க முடியும். அதிகாரிகள் ஆவன செய்வார்களாக!