நீலவொளியின் ஆயுள்

இக்காலத்து மாணவர் கையிற் கொண்டு திரியும் கைபேசிகளுட் பலவற்றின் திரை, கரிம ஒளியுமிழ் டையோடுகளால் ஒளிர்வதாகும். மயிரிழையினும் பன்னூறு மடங்கு மெல்லியவாகக் கரிமச் சேர்மப் படலங்களைப் படியவைத்து, ஒருபுறமிருந்து எலெக்ட்ரான்களையும் மறுபுறமிருந்து துளைகளெனப்படும் நேர்மின் சுமைகளையும் செலுத்த, அவை இடையிற் கூடி ஒரு மூலக்கூற்றைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. அக்கிளர்ச்சி தணியுங்கால் ஒளி பிறக்கின்றது. 1987ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சார்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர் பத்து வோல்ட்டிற்கும் குறைந்த மின்னழுத்தத்தில் இதனைச் செய்து காட்டினர். அவர் கண்டது பச்சையொளி. சிவப்பும் பின்னர் வசப்பட்டது. நீலமோ இன்றளவும் முற்றிலும் வசப்பட்டிலது.

நீலத்திற்கு இரு குறைகள் கூறுவர்: செலுத்தும் மின்சாரத்திற்கேற்ற ஒளி தாராமை ஒன்று, விரைவில் மங்கிப் போதல் மற்றொன்று. இவற்றை வெவ்வேறாகக் கொண்டு, முதலாவதனைத் தீர்த்தோரை வெற்றி பெற்றோரெனப் பாராட்டுவது வழக்கமாயிருக்கின்றது. இவ்வழக்கம் பொருந்தாதென்பது எமது கருத்து. இரண்டும் பெரும்பான்மை ஒரு வேரினின்றே முளைக்கின்றன.

மின்சாரத்தாற் கிளர்ச்சியுறும் மூலக்கூறுகள் நான்கனுள் ஒன்றே ஸிங்க்லெட் என்னும் நிலையை எய்தும். மூன்று ட்ரிப்லெட் நிலையை எய்தும். முன்னது சில நானோ வினாடியில் ஒளியை உமிழ்ந்துவிடும். இதுவே உடனொளிர்வு. பின்னது சாதாரணச் சேர்மங்களில் வெப்பமாய் வீணாகும். 1998இல் பால்டோ, தாம்ப்ஸன், பாரெஸ்ட் முதலியோர் பிளாட்டினம் என்னும் கன உலோகத்தைச் சேர்மத்துட் புகுத்தி, அம்மூன்று பங்கினையும் ஒளியாக்கினர். அஃது நின்றொளிர்வு. பின்வந்த இரிடியச் சேர்மங்களால் இன்று திரைகளின் சிவப்பும் பச்சையும் இம்முறையிலே ஒளிர்கின்றன. நீலத்திற்கு மட்டும் கைபேசித் திரைகள் பழைய உடனொளிர்வையே பற்றி நிற்றலின், அது மின்சாரத்தை மிகுதியாய் உண்கின்றது.

நின்றொளிர்வை நீலத்திற்கு ஏலாமற் செய்வது யாது? சிவப்பொளியின் ஒரு துகளுக்கு ஏறத்தாழ 2 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும், நீலத்திற்கு 2.7 வேண்டும். அத்துணை ஆற்றலைச் சுமந்த ட்ரிப்லெட், ஒளியை உமிழச் சில மைக்ரோ வினாடி காத்திருக்கின்றது. ஸிங்க்லெட்டினும் ஆயிரம் மடங்கு நெடிய காலம். திருவிழாக் கூட்டத்தில் தீவட்டி ஏந்தியவன் விரைந்து கடந்துபோனால் ஏதமில்லை; நெடுநேரம் நின்றானாயின் யார் மேலாடையேனும் பற்றிக்கொள்ளும். அங்ஙனமே, காத்திருக்கும் மூலக்கூறு தன்னையொத்த பிறிதொன்றையோ ஒரு மின்சுமையையோ எதிர்ப்பட்டால், இரண்டின் ஆற்றலும் ஒன்றன்மேற் குவிந்து 5 எலெக்ட்ரான்வோல்ட்டையும் கடக்கும். கார்பனும் நைட்ரஜனும் கூடிய பிணைப்பு அறுவதற்கு அதில் ஏறக்குறைய முப்பங்கில் இரண்டே போதும். ஒளியாக வேண்டிய ஆற்றல் அச்சந்திப்பிலே அழிந்தது. அதுவே திறன் குறைவு. மூலக்கூறு உடைந்தது, அதுவே ஆயுட் குறைவு. உடைந்த துண்டு வாளாவிராது, அண்டை மூலக்கூறுகளின் ஒளியையும் அவிக்கும்.

ஆகலின் தீவட்டிக்காரனை விரைவில் வெளியேற்றுதலும் கூட்டத்தை நெருங்கவிடாமற் பரப்புதலுமே மருந்தாம். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், ஒளிரும் சேர்மத்தின் செறிவைப் படலத்தினுள் படிப்படியாய் மாற்றி, கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகள் ஓரிடத்தே மொய்த்தலைத் தவிர்த்து, ஆயுளைப் பத்து மடங்காக்கினர். 2012இல் ஜப்பானிய கியூஷூ பல்கலைக்கழகத்து அடாச்சி குழுவினர், கன உலோகமின்றியே ட்ரிப்லெட்டை வெப்பத்தின் துணையால் ஸிங்க்லெட்டாக்கும் வழியைச் செம்மையுறக் காட்டினர். அழகிய வழியே; எனினும் அங்கும் காத்திருப்பு மைக்ரோ வினாடிக் கணக்கினதாதலின், நீலத்தின் இடர் முற்றும் நீங்கவில்லை.

திறனை மட்டும் பெரிய எழுத்திற் பொறித்து ஆயுளைக் கூறாது விடுக்கும் கட்டுரைகளை யாம் பாதிக் கட்டுரைகளெனவே கொள்வோம். ஆயுள் கூறுவோரிலும் சிலர் வான்நீலத்தை அளந்துவிட்டு நீலமென்பர். மங்கிய ஒளியில் தொடங்கி மணிக்கணக்கைப் பெருக்கிக் காட்டுவர். ஒளியை இரட்டித்தால் ஆயுள் பாதிக்கும் கீழே வீழுமென்பதை அவர் அறியாதவரல்லர். ஒளி பாதியாகும்வரை எண்ணுவது ஒரு கணக்கு. நூற்றுக்கு ஐந்து குறையும்வரை எண்ணுவது மற்றொரு கணக்கு. கைபேசிக்குப் பின்னதே பொருந்தும். ஏனெனில் நீலம் சிறிது தளர்ந்தாலும் வெண்மை மஞ்சளிப்பதைக் கண் கண்டுகொள்ளும். ஆயுளை அளக்க மாதங்கள் செல்லும், பட்டத்திற்கு நாள் குறித்த மாணவர் என் செய்வார் என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் மிகையான ஒளியில் விரைந்து சோதிக்கும் முறை உண்டு. அம்முறையினைக் கட்டுரையிலே வெளிப்படக் கூறினாற் போதும்.

2025 மே மாதத்தில் எல்.ஜி. டிஸ்ப்ளே நிறுவனத்தார், நீல நின்றொளிர்வுத் திரையை உற்பத்திச் சாலையிலேயே சோதித்துத் தேறியதாக அறிவித்தனர். இரண்டடுக்குத் திரை அது. மேலடுக்கில் நின்றொளிர் நீலமும் கீழடுக்கிற் பழைய உடனொளிர் நீலமும் வைத்தனர். மின்செலவு நூற்றுக்குப் பதினைந்து அளவு குறைந்ததென்றும், உறுதி முன்னைத் திரைகளை ஒத்ததென்றும் அவர் கூறினர். பாதி வெற்றியென்று இதனை இகழ்வாருளர். திறனைச் சொன்ன அவ்விடத்திலேயே உறுதியையும் சொன்னமையால், யாம் இதனை மதிக்கின்றோம்.