கல்வெட்டு அடித்தது போதும், நடக்க வாருங்கள்



நம் கணக்கு ரீச்சரின் ஆண்டுத்திவசம் அடுத்த கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு அவர் நினைவாகக் காசு சேர்க்க நாம் நடக்கிறோம். நடை அணிக்குப் பெயர் தந்திருப்பவர்கள் பதினொரு பேர். வட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்துக்குக் கைகூப்பியவர்கள் அறுபதுக்கு மேல். கூப்பிய கைகளோடு கால்களும் வரவேண்டும்.

வெள்ளவத்தையில் ரீச்சரின் மாடி அறையில் கணக்குப் படித்தவர்கள் நாம். மாதக்காசு கொண்டுவராத கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘கட்டியாயிற்று’ என்று அவரே புள்ளடி போட்டிருந்தது, அவருடைய காசுக் கணக்குக் கொப்பி கையில் கிடைத்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

நாம் என்ன செய்தோம்? செத்தவீட்டுக்குப் போனோம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினோம், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடித்துக் கொடுத்தோம். அவருக்கு என்ன வருத்தம் என்று அந்தக் கல்வெட்டில் ஒரு வரி கிடையாது. ‘சுகவீனமுற்று’ என்று மழுப்பினோம். மார்பில் கட்டி இருந்ததை ரீச்சரும் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்தார், பிள்ளைகளின் ஓ.எல். சோதனை முடியட்டும் என்றாராம். 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது.

இலங்கைப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இந்த மார்புப் புற்றுநோய்தான். வேளைக்குக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். நாரஹேன்பிட்டியில் இதற்கென்றே அரசாங்கப் பரிசோதனை நிலையம் இருக்கிறது, காசு கேட்பதில்லை. 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டி அப்படியென்ன தூரம்? ஆகவே இந்த முறை பதாகையில் ‘மார்புப் புற்றுநோய்’ என்று பெரிய எழுத்தில் போடுவோம். முகம் சுளிக்கிற பெரியவர்கள் சுளிக்கட்டும்.

நடந்து என்ன கிழிக்கப்போகிறோம் என்று சிலர் கேட்கிறீர்கள். 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். வழிநெடுகச் சனம் சேர்ந்தது, காசும் சேர்ந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது அப்படித்தான். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே 28 நாள், 670 கிலோமீற்றர். அது காலி கராப்பிட்டிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. அந்த நடைக்கு முன்னின்ற மஹேல ஜயவர்தன, பதினாறு வயதுத் தம்பியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்தவர். கிரிக்கெட்டில் அவர் எடுத்த ஓட்டமெல்லாம் ஒரு பக்கம், என்னைக் கேட்டால் அந்த நடை ஒரு பக்கம்.

நாம் ஆஸ்பத்திரி கட்டப்போவதில்லை. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மகரகமவுக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜிலும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலும் கிடக்கிற குடும்பங்களுக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுக்கப்போகிறோம். அவ்வளவுதான். அதற்கே ஆளுக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கவேண்டும். செட்டியார் தெருக் கடைகளில் கொட்டாஞ்சேனைக்காரர் ஏறி இறங்குங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்களை வெள்ளவத்தைக்காரர் பிடியுங்கள்; கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். பற்றுச்சீட்டு எழுதாமல் ஒரு ரூபாயும் வாங்கவேண்டாம். கணக்கு ரீச்சரின் பெயரில் கணக்குப் பிழைக்கக்கூடாது.

ஞாயிறு விடிய ஐந்தரைக்குக் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலய முன்றல். புறக்கோட்டை, காலி முகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி வழியாக வெள்ளவத்தை. வெயில் ஏறமுன் முடித்துவிடலாம். முழுத்தூரம் ஏலாதவர்கள் பம்பலப்பிட்டியில் சேருங்கள். அம்மாமாரையும் அக்காமாரையும் கட்டாயம் கூட்டிவாருங்கள், இது அவர்களுக்கான நடை. ரீசேட் என்ன நிறம் என்ற சண்டையை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளதைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

பெயர் தர வெள்ளிக்கிழமை கடைசி. வரமுடியாதவர்கள் அதற்கு முன் எனக்குப் போன் எடுத்துக் காரணம் சொல்லுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு உங்கள் பெயரையும் எழுதிக்கொள்வேன்.