வண்டிப் பக்கம்: ஒற்றைக் கண்ணோடு மலை ஏறாதீர்கள்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1930களின் தொடக்கத்தில் போட்ட அந்தப் பழைய பாதை, வளைவுக்கு மேல் வளைவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஊர் வந்தால்தான் தெருவிளக்கு. மாலையிலேயே மூடுபனி இறங்கிவிடும் நாள்களும் உண்டு. அந்தப் பாதையில் எதிரே ஒரே ஒரு விளக்கு வருகிறது. என்ன நினைப்பீர்கள்? மோட்டார் சைக்கிள் என்றுதானே!

அப்படி நினைப்பது இயல்பு. மலேசியாவில் 1992 செப்டம்பர் முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கு போட்டே ஓட வேண்டும். ஒற்றை விளக்கு என்றால் மோட்டார் என்று நம் கண் பழகிவிட்டது. ஆனால் வருவது வலப்பக்க விளக்கு போன கார் என்றால்? நமக்குத் தெரிவது அதன் இடப்பக்க விளக்கு மட்டும். அதாவது, நம்மிடமிருந்து தள்ளி இருக்கும் விளக்கு. காரின் மீதி உடம்பு நடுக்கோட்டை ஒட்டி இருட்டில் வருகிறது. 'மோட்டார்தானே, இடம் இருக்கிறது' என்று வளைவில் சற்று வலப்பக்கம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் தெரிவதில்லை. அங்கே சாலை முழுக்க வெளிச்சம். ஒரு பல்ப் போயிருந்தாலும் ஓட்டுபவருக்குக் குறை தெரியாது. தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது, தாப்பா டோல் தாண்டி இருட்டில் ஏறும் நேரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் பட்டறை எதுவும் திறந்திருக்காது. ஹாபு, சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கும் குடும்பங்களுக்கோ, பகலில்கூட ஒரு பல்புக்காகக் குறுகலான தோட்டப் பாதையில் ஊர்வரை போய்வர வேண்டும். ஆகவே இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது நல்லது. பெரும்பாலான பழைய சாகா, மைவி கார்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள்

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எரியாமல் போனால் பல்பைச் சந்தேகிக்காதீர்கள். ஃபியூஸ், ரிலே அல்லது சுவிட்சாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் போனால் பெரும்பாலும் பல்ப்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து ஃபியூஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல கார்களில் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு.

லோ பீம் போய், ஹை பீம் மட்டும் எரிகிறதா? எச்4 வகை பல்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். அதை நம்பி ஹை பீமிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் வேலை அது.

சரியான பல்ப் வாங்குங்கள்

பழைய பல்பின் அடிப்பாகத்தில் வகை எழுதியிருக்கும்: எச்4, எச்7, எச்11 என்று. கார் கையேட்டிலும் இருக்கும். அதே வகை, அதே வாட் வாங்க வேண்டும். எச்4 என்றால் 12 வோல்ட், 60/55 வாட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரே நாளில் போட்ட பல்புகளில் ஒன்று போனால், மற்றதும் பின்னாலேயே வரும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக் போடுங்கள். எஞ்சினையும் விளக்கையும் அணையுங்கள். பல்ப் ஆறக் கால் மணி நேரம் விடுங்கள்.

2. பானெட்டைத் திறந்து விளக்கின் பின்பக்கம் பாருங்கள். எச்4 என்றால் மூன்று முனை சாக்கெட் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், சாக்கெட்டின் உடம்பைப் பிடித்து நேராக இழுங்கள். சாக்கெட் கருகியோ உருகியோ இருந்தால் புது பல்ப் மட்டும் போதாது. சாக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

3. ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியை அழுத்தி, பக்கவாட்டில் விடுவியுங்கள். அது எப்படி மாட்டியிருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் இருக்காது.

4. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். அடிப்பாகத்தில் மூன்று காதுகள் உண்டு. ஒரே ஒரு வாக்கில்தான் சரியாக உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள்.

5. கம்பி, ரப்பர் மூடி, சாக்கெட் என்று வந்த வழியே மாட்டுங்கள். லோ பீம், ஹை பீம் இரண்டையும் எரித்துப் பாருங்கள்.

புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. ஹேலோஜன் பல்ப் எரியும்போது அதன் கண்ணாடிச் சூடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும், வெடிக்கவும் செய்யலாம். அடிப்பாகத்தைப் பிடியுங்கள், அல்லது சுத்தமான டிஷ்யூவால் பிடியுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

மலையில் இருப்பவர்கள் ரப்பர் மூடியில் அலட்சியம் காட்டக்கூடாது. அது ஓரம் விலகி நின்றால் ஈரக்காற்று உள்ளே போகும். கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். நாளாவட்டத்தில் ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல பல்ப் போட்டாலும் வெளிச்சம் மங்கல்தான்.

கடைசியாக, ஒரு சுவருக்கு நேராக நான்கைந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். இரு பக்க ஒளியின் மேல்கோடும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஒளி இடப்பக்கம் சற்று ஏறியும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருப்பது சரி. ஒரு பக்கம் மட்டும் கோணலாகத் தெரிந்தால் பல்ப் சரியாக உட்காரவில்லை.

கூடுதல் வெளிச்சம் என்ற ஆசை

'மலைக்கு 100 வாட் போடுங்கள்' என்று சிலர் சொல்வார்கள். 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காரின் வயரும் சாக்கெட்டும் அதற்காகச் செய்தவை அல்ல. முதலில் உருகுவது சாக்கெட்தான்.

ஹேலோஜன் விளக்குக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதும் அப்படித்தான். அந்த ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்தது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் கண்டபடி சிதறும். புஸ்பாகோம் சோதனையில் சிக்கலாம், ஜேபிஜே சம்மனும் வரலாம். எதிரே வருபவரின் கண் கூசுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. ஆகவே நிறத்தால் பெரிய வித்தியாசம் வராது. ஒளி தாழ்வாகப் போகிறதா என்பதே முக்கியம். ஹை பீம் போட்டால் பனி வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும். லோ பீம் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

எப்போது கை வைக்கக்கூடாது?

2017 நவம்பரில் வந்த மைவியிலிருந்து எல்லா ரகத்துக்கும் எல்இடி முன்விளக்குதான். அதில் மாற்றுவதற்குத் தனி பல்ப் கிடையாது. எச்ஐடி விளக்குகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உண்டு, தொடவே வேண்டாம். சில கார்களில் பம்பரைக் கழற்றினால்தான் கை போகும். இவற்றையெல்லாம் மெக்கானிக்கிடம் விடுங்கள். கேமரன் மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களில் சீல்டு பீம் விளக்கு இருந்தால், பல்புக்குப் பதில் வட்ட விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும்.

இந்த வாரம் ஒரு மாலை, வண்டியை வீட்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் எரிந்தாலும் ஒரு ஜோடி பல்பை வாங்கித் துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். அப்பா அம்மா தோட்டத்தில் இருக்கிறார்கள், வண்டி அங்கேதான் நிற்கிறது என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பலகாரத்தோடு அதையும் எடுத்துப் போங்கள்.