கையெழுத்துக்கு என்ன அவசரம்?

அவிநாசி ரோட்டில் கார் மோதி, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு கையெழுத்துப் போடுங்க அம்மிணி, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துடறோம்" என்று இன்ஷூரன்ஸ்காரர் தாளை நீட்டுகிறார். பொறுங்கள், சகோதரிகளே! 'இனி பாக்கி எதுவுமில்லை' என்று அதில் ஒரு வரி இருக்கலாம். எலும்பில் வைத்த தகட்டை எடுக்க மறுபடி ஆபரேஷன் வந்தால்? சமைக்க, துவைக்க ஆள் வைத்த செலவு? சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டென்று 2021-ல் கீர்த்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

மேல்சிகிச்சை என்னென்ன என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிடுங்கள். சமரசமானாலும் அங்கேயே பதிவாகட்டும். வக்கீலுக்குப் பணமில்லையா? கோவை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே உதவி இலவசம்.