பேசறதுக்குக் காசு கேளு, நான் நான்தான்னு சொல்றதுக்குமா?

வெளிநாடு கிளம்பறவங்களுக்காக நம்ம மக்கள் எழுதற டிப்ஸ் பதிவுகள் எல்லாத்துலயும் ஒரு வரி தவறாம இருக்கும். "ரோமிங் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க, ஏர்போர்ட்ல இறங்கினதும் லோக்கல் சிம் வாங்கிப் போட்டுக்கோங்க." சிங்கப்பூர் போறவருக்கும் இதுதான், சிகாகோ போறவருக்கும் இதுதான். படிக்கிறவங்களும் "நன்றி தல" சொல்லிட்டுப் போயிடறாங்க.

இந்த அறிவுரை தப்புன்னு சொல்ல வரல. பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இது சரியான அறிவுரை. அப்ப போன் நம்பர் பேசறதுக்கு மட்டும்தான் இருந்தது. மூணு வாரம் அதைக் கழட்டி பர்ஸுல வச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. இப்ப அப்படியா? உங்க இந்திய சிம்மைக் கழட்டிட்டு ஒரு நாள் இருந்து பாருங்க. வங்கிக்கணக்குக்குள்ள போக முடியாது, இன்சூரன்ஸ் கட்ட முடியாது, திரும்பி வர்றதுக்கு ரயில் டிக்கெட் போட்டா பணம் கட்டற இடத்துல நிக்கும். ஆறு இலக்கம் வரணும். அது எங்க வரும்? பர்ஸுக்குள்ள தூங்கற சிம்முக்கு.

என் கட்சி இதுதான்: வெளிநாட்டுல நம்ம இந்திய நம்பர் உயிரோட இருக்கறது ஆடம்பரம் இல்ல. அதை ஆடம்பரமா நினைச்சு விலை வைக்கறது அநியாயம். அதை அத்தியாவசியமா மாத்தினது நாம இல்லைங்கறப்போ, டபுள் அநியாயம்.

யாரு மாத்தினது? இணையத்துல கார்டு போடறப்போ ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பு கட்டாயம்னு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கொண்டுவந்தது. நல்ல விஷயம், திருட்டைத் தடுக்கும். ஆரம்பத்துல அது ஒரு கடவுச்சொல்லா இருந்தது. அப்புறம் வங்கிகளுக்கு எது சுலபமோ அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. எஸ்எம்எஸ்ல ஓடிபி. அதோட வருமான வரி, பிஎஃப், ஆதார், டிஜிலாக்கர் எல்லாம் வரிசையா அந்தப் பத்து இலக்கத்துல வந்து தொங்கிடுச்சு. யாரும் நம்மகிட்ட கேக்கல.

போதாக்குறைக்கு 2025 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவு போட்டது. வாட்ஸப், டெலிகிராம், சிக்னல் மாதிரி செயலிகள், பதிவு செஞ்ச சிம் அந்த போன்லயே இருந்தாத்தான் ஓடணும், 90 நாள்ல இதைச் செய்யணும்னு. சைபர் மோசடியைத் தடுக்கறதுக்காம். நோக்கம் சரி. ஆனா அந்த உத்தரவோட எழுத்துப்படி பாத்தா, இந்திய சிம்மைக் கழட்டி லோக்கல் சிம் போட்டவருக்கு வாட்ஸப்பும் போச்சு. ரோமிங்ல இருந்தா பிரச்சினை இல்லைன்னு விளக்கம் வேற கொடுத்தாங்க. அதாவது, ரோமிங்ல இருங்கன்னு அரசாங்கமே சொல்லுது. அந்த ரோமிங்குக்கு என்ன விலைன்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்ல.

இதுல அடி வாங்கறது யாருன்னு பாருங்க. என்னை மாதிரி பொட்டி தட்டறவனை விடுங்க. ஆன்சைட் அனுப்பினா ஆபீஸ் பில் கட்டும், ரெண்டு சிம் போடற போன் இருக்கு, இ-சிம்னா என்னன்னு தெரியும். அடி வாங்கறது வேற ரெண்டு கூட்டம்.

முதல் கூட்டம், பிள்ளைப்பேறு பாக்கப் போற அம்மா அப்பா. சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் தெருவுக்கு ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கும் பாருங்க, அவங்கதான். அமெரிக்காவுல ஆறு மாசம் இருப்பாங்க. ப்ரீபெய்டு இணைப்பை தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாட்டி துண்டிக்கலாம்ங்கறது டிராய் விதி. இருபது ரூபாய் பாலன்ஸ் இருந்தா நீட்டிச்சுக்கலாம்னு 2013லயே ஒரு வழியும் வச்சாங்க. எத்தனை பேருக்கு அது தெரியும்? துண்டிச்ச நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் கொடுக்கலாம். இதை 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துலயே டிராய் சொல்லியிருக்கு. 90ஐயும் 90ஐயும் கூட்டுங்க. சரியா ஆறு மாசம். பேரனைக் கொஞ்சிட்டு மீனம்பாக்கத்துல வந்து இறங்கறப்போ, அவங்க பென்ஷன் கணக்கோட ஓடிபி யாரோ ஒருத்தர் போனுக்குப் போகத் தயாரா இருக்கும்.

ரெண்டாவது கூட்டம், வளைகுடாவுல உழைக்கற ஜனங்க. என் சித்தப்பா ஷார்ஜாவுல ஏசி மெக்கானிக். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பர் போயிடுச்சு. நம்பரை மாத்திக் கொடுங்கன்னு வங்கிக்கு போன் போட்டா, "நேர்ல கிளைக்கு வந்து ஃபாரம் எழுதிக் கொடுங்க சார்" என்கிறார்கள். கிளை தாம்பரத்துல, ஆள் ஷார்ஜாவுல. தன்னோட சொந்தக் காசை எடுக்க ஒரு மனுஷன் விமான டிக்கெட் போடணும். வெளிநாட்டு நம்பரையே யூபிஐயில சேக்கலாம்னு 2023ல பத்து நாடுகளுக்கு வழி பண்ணினாங்களே என்பீங்க. பண்ணினாங்க, அமீரகமும் அதுல உண்டு. ஆனா அது என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வச்சிருக்கறவங்களுக்கு. சித்தப்பா மாதிரி ஊர்ல ஆரம்பிச்ச சாதா சேமிப்புக் கணக்கோட போனவருக்கும், ஆறு மாசம் போன அம்மா அப்பாவுக்கும் அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, "வெளிநாட்டுக் கம்பெனிக்கு நாங்க காசு கொடுக்கணும், செலவு ஆகுது" என்பது கம்பெனிகளோட பல்லவி. கொஞ்சம் உள்ள போய்ப் பாப்போம். நீங்க வேற நாட்டுல போனை ஆன் பண்ணினா, அந்த ஊர் நெட்வொர்க் உங்க சிம் எண்ணைப் பாத்து இந்தியாவுல இருக்கற உங்க கம்பெனியைக் கேக்கும், "இவர் உங்க ஆளா?" ஆமான்னா உள்ள விடும். டேட்டா பொதுவா அங்கேர்ந்து இந்தியா வந்து, இங்கேர்ந்துதான் இணையத்துக்குப் போகும். அதுக்குச் செலவு உண்டு, ஒத்துக்கறேன். ஆனா எஸ்எம்எஸ்? ஒரு எஸ்எம்எஸ்ல மொத்தம் 140 பைட்தான் இருக்கு. நெட்வொர்க்குகள் ஒண்ணோட ஒண்ணு சைகை பேசிக்கற பாதையிலயே அது போயிடும். பெறுகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு வாங்கறதில்லைன்னு அவங்களே பெருமையாச் சொல்லிப்பாங்க. ஆனா அந்த இலவசம் வந்து சேர, ரோமிங் இயங்கணும், பேக் உயிரோட இருக்கணும், கம்பெனிக்குக் கம்பெனி வேற வேற நிபந்தனை. வாசல்ல டிக்கெட் வாங்கிட்டு உள்ள தண்ணி இலவசம்ங்கற கதை.

டேட்டாவுக்கே வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் ஒரு சட்டம் போட்டது. உறுப்பு நாடுகளுக்குள்ள எங்க போனாலும் ஊர்ல கட்டற அதே விலை. கம்பெனிகள் ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்கற மொத்த விலைக்கும் உச்சவரம்பு வச்சாங்க. 2017ல ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2022ல 2 யூரோ, 2027ல 1 யூரோ. எந்தக் கம்பெனியும் திவாலாகல. அப்புறம் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளிய வந்தது. டவர் அதே, கேபிள் அதே, சுற்றுலாப் பயணி அதே. ஆனா அங்க இருக்கற சில பெரிய கம்பெனிகள் 2022ல ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. மாறினது செலவு இல்ல, சட்டம் மட்டும்தான். ரோமிங் விலை எங்கேர்ந்து வருதுன்னு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

"அது ஐரோப்பா சார், எல்லாம் ஒரே குடும்பம்." உறுப்பு நாடே இல்லாத உக்ரைனையும் மால்டோவாவையும் 2026 ஜனவரி 1 முதல் அதுல சேத்துக்கிட்டாங்களே? அவ்வளவு தூரம் ஏன், சிங்கப்பூரும் மலேசியாவும் 2011லயே ரெண்டு அரசாங்கமும் பேசி ரோமிங் கட்டணத்தைக் குறைச்சாங்க.

இன்னும் கிட்ட வர்றேன், நம்ம வீட்டு வாசலுக்கே. மொபைல் வந்த புதுசுல சென்னைக்கு ஒரு வட்டம், மிச்சத் தமிழ்நாட்டுக்கு இன்னொரு வட்டம். சென்னை வட்டத்துல மீஞ்சூரையும் மகாபலிபுரத்தையும் பேர் சொல்லிச் சேத்திருந்தாங்க. தாம்பரத்துல ரயில் ஏறி விழுப்புரம் போனா ரோமிங். ஒரே மாநிலம், ஒரே முதலமைச்சர், ஆனா ரோமிங்! 2005லதான் ரெண்டு வட்டத்தையும் ஒண்ணாக்கினாங்க. அப்பவும் ஆரம்பாக்கம் தாண்டி தடா வந்தா ரோமிங்தான். திருப்பதி போற குடும்பமே போனை அணைச்சு வச்சுக்கும்னு அப்பா சொல்வார். அப்பவும் இதே பல்லவிதான், செலவு ஆகுதுன்னு. பிஎஸ்என்எல் 2015 ஜூன் 15ல நாடு முழுக்க இன்கமிங்கை இலவசமாக்கியது. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தது. 2017ல மத்தவங்களும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைத் தூக்கிட்டாங்க. அந்தச் "செலவு" எங்க போச்சு? ஆவியாயிடுச்சா?

நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினா காங்கேசன்துறை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தாம்பரத்துலேர்ந்து விழுப்புரம் இதைவிடத் தூரம். 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க, அதுக்கு முன்னாடியே யாழ்ப்பாணத்துக்கு விமானமும் விட்டாங்க. தனுஷ்கோடி முனையில நின்னா சில போன் தானாவே இலங்கை டவரைப் பிடிச்சு வரவேற்பு எஸ்எம்எஸ் காட்டும். அலைக்கு எல்லை தெரியல, பில்லுக்கு மட்டும் நல்லாத் தெரியுது.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா"ன்னு அடுத்த கேள்வி வரும். 2024 ஜனவரியில ஏர்அலோ, ஹோலாஃப்ளை ரெண்டையும் அனுமதியில்லாம சர்வதேச இ-சிம் விக்கறாங்கன்னு தடுத்தப்போ சொன்ன காரணமும் அதுதான். அனுமதி வாங்கித்தான் விக்கணும், சரி. ஆனா மலிவான வழியை அடைக்கற கை, மிச்சம் இருக்கற வழியோட விலையையும் கட்டுப்படுத்தணும் இல்லையா? ஒரு கதவைப் பூட்டிட்டு இன்னொரு கதவுல நிக்கறவர் கேக்கறதைக் கொடுன்னா அதுக்குப் பேர் பாதுகாப்பா?

நான் கேக்கறது மூணே விஷயம்.

ஒண்ணு, வங்கி, அரசு அனுப்பற எஸ்எம்எஸ் எந்த நாட்டுல இருந்தாலும், எந்தத் தனி பேக்கும் இல்லாம வரணும். 140 பைட்டுக்கு இந்த தேசம் தாங்கும்.

ரெண்டு, லேண்ட்லைன் காலத்துல "சேஃப் கஸ்டடி"ன்னு ஒண்ணு இருந்தது ஞாபகம் இருக்கா? ஊருக்குப் போறோம், நம்பரை எடுத்து வைங்கன்னு எழுதிக் கொடுத்தா வச்சிருப்பாங்க. பாஸ்போர்ட்டைக் காட்டினா மொபைல் நம்பருக்கும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் அதைச் செய்யட்டும்.

மூணு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளோட பேசி மொத்த விலைக்கு உச்சவரம்பு வைக்கட்டும். நம்ம ஜனங்க லட்சக்கணக்குல போய் வர்ற நாடுகள்.

வங்கிகளுக்கும் ஒண்ணு. ஓடிபி எஸ்எம்எஸ்லதான் வரணும்னு இல்ல, வேற வழியும் பண்ணலாம்னு ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர்ல விதி போட்டு, 2026 ஏப்ரல் 1ஐ அமல் தேதியாக் குறிச்சது. இனிமே "ரிசர்வ் வங்கி விடல"ன்னு சாக்கு சொல்ல முடியாது சாமிகளா.

அதுவரைக்கும், டிப்ஸ் பதிவு எழுதற மக்களே, "லோக்கல் சிம் வாங்கிக்கோங்க" வரிக்குக் கீழ இன்னொரு வரி சேத்துடுங்க: "பழைய சிம்மைக் கழட்டாதீங்க, அதுல இருக்கறது நீங்க."

டிஸ்கி: நான் எந்த டெலிகாம் கம்பெனியிலயும் வேலை பாக்கல. பாத்திருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன், ஃப்ரீ ரோமிங் கிடைச்சிருக்கும் :-)