சம்பூர் வெயிலில் மூதூருக்குப் பங்கு உண்டா?

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள், சம்பூர்ச் சூரிய மின்னாலையின் கட்டுமான வேலை தொடக்கி வைக்கப்பெற்றது. தொடக்கி வைத்தவர்கள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் இலங்கைச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும். தொடக்கி வைத்த இடம் கொழும்பு! கொழும்பில் அமர்ந்தபடியே சம்பூரில் வேலை தொடக்கும் வித்தையை விஞ்ஞானம் அளித்திருக்கிறது. விஞ்ஞானத்தின் மீது எமக்குக் கோபம் இல்லை. ஆனால், அந்த விழாவில் கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் மக்களுக்குக் கிடைத்த இடம் எதுவோ, அதே இடந்தான் அவ்வாலையின் வருவாயிலும் அவர்களுக்குக் கிடைக்கப் போகின்றதா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

இத்திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. இதனை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். சம்பூருக்கு முதலில் வர இருந்தது வெயில் அன்று, நிலக்கரி. இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சரிபாதிப் பங்காளிகளாகி 2011 இல் திருகோணமலை மின் நிறுவனத்தை அமைத்தன. 500 மெகாவாட் ஆற்றலுள்ள அனல்மின் நிலையம் ஒன்றைச் சம்பூரில் எழுப்புவதே அதன் நோக்கம். சாம்பலும் சுடுநீரும் தம் வயலையும் கடலையும் கெடுக்கும் என்று ஊர் மக்கள் அஞ்சினர். சூழல் காப்பாளர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அந்த நிலையம் கட்டப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் அம்மன்றில் அறிவித்தார். கரி போயிற்று, கதிரவன் வந்தான். அதே நிறுவனம், அதே ஊர். முதற்கட்டம் 50 மெகாவாட், அடுத்த கட்டம் 70, ஆக 120 மெகாவாட் என்பது இன்றைய திட்டம். புகையில்லை, சாம்பலில்லை, குடாவிற் கரிக்கப்பல் இல்லை. இம்மாற்றத்தை வரவேற்காதவன் மூதூரின் நண்பனாக இருக்க முடியாது.

ஆனால், கரி போனதோடு காணிக் கேள்வியும் போய்விட்டதா?

சம்பூரின் கதையை மூதூர் வாசகருக்கு நாம் கூற வேண்டியதில்லை. வெளியூரார் அறியும் பொருட்டு ஒரு சில வரிகள். 2006 ஏப்ரலில் விமானக் குண்டு வீழ்ந்தது. மக்கள் ஓடினர். அவ்வாண்டு செப்டெம்பரில் இராணுவம் ஊருக்குட் புகுந்தது. 2007 மே மாதம் வர்த்தமானி வாயிலாக அது அதியுயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் மக்கள் ஆண்டுகளை எண்ணிக் கழித்தனர். பிறந்த குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதை எய்தியது, ஊரைக் காணவில்லை. இதற்கிடையில் கனரகக் கைத்தொழில் என்ற பெயரில் முதலீட்டுச் சபையிடம் 818 ஏக்கர் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி மாறி, 2015 இல் அந்த நிலம் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 இல் கைவிடப்பட்டது. ஆனால் அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 500 ஏக்கர் அப்படியே நின்றுவிட்டது. அப்பரப்பிலே எம் தோட்டம் இருந்தது, எம் மேய்ச்சல் தரை இருந்தது என்று கூறும் குடும்பங்கள் இன்றும் அவ்வூரில் உள்ளன. சிலரிடம் உறுதி உண்டு. சிலரிடம் அனுமதிப்பத்திரம் உண்டு. வேறு சிலருடைய பத்திரங்கள், ஓடிய ஓட்டத்தில் வீட்டோடு எரிந்தன. எரிந்த தாளைக் கொண்டுவா என்று கேட்பது நீதியாகுமா?

கரிக்காக எடுத்த நிலம், கரி வராதபோது மக்களிடம் மீண்டிருக்க வேண்டும். அல்லது, வேறொரு தேவைக்கு அது வேண்டுமாயின், உரியவரை அழைத்துப் புதிதாகப் பேசியிருக்க வேண்டும். ஒரு காரணத்துக்காகக் கடன் வாங்கிய பொருளை, அக்காரணம் அற்றபின் மற்றொரு காரணத்தைக் கூறி வைத்துக்கொள்ளும் அயலவனை மூதூரில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதை நாம் எழுதப் போவதில்லை.

இங்கே ஐரோப்பாவைச் சற்று நோக்குவோம். அங்கே பெருங் கம்பனிகள் கோடிக்கணக்கான யூரோவை வெயிலிற் கொட்டுகின்றன. ஸ்பெயின் நாட்டின் எஸ்திரமதுரா மாகாணத்தில் இபர்திரோலா கம்பனி 2022 இல் 590 மெகாவாட் ஆலை ஒன்றை இயக்கத் தொடங்கியது. ஜேர்மனியின் லைப்சிக் நகருக்கு அண்மையில் விட்ஸ்னிட்ஸ் என்ற இடத்தில் 650 மெகாவாட் ஆலை எழுந்துள்ளது. எண்ணெய் வாணிபத்திலே கொழுத்த ஷெல் கம்பனியே அதன் மின்சாரத்தை வாங்க முன்வந்தது. இவர்கள் அறத்தின் பொருட்டு வந்தவர்களா? அன்று. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனி இயற்றிய சட்டம், வெயில் மின்னுக்கு இருபது ஆண்டு நிலையான விலையை உறுதி செய்தது. சூரியத் தகடுகளின் விலை சரிந்தது. எரிபொருட் செலவோ இல்லை. உறுதியான வருவாய் உள்ள இடத்தை முதல் தேடிச் செல்லும். அது முதலின் இயல்பு. அதனைப் பழிப்பதிற் பயனில்லை. அதற்குக் கடிவாளம் இடுவதே அரசின் கடமை.

விட்ஸ்னிட்ஸ் ஆலை நிற்கும் நிலம் எது தெரியுமா? பழுப்பு நிலக்கரி தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கத் தரை. நெல் விளைந்த வயலன்று. எவருடைய பட்டியும் மேய்ந்த தரையன்று. அங்கே கரி எரிந்து தீர்ந்த பின்பு, பாழ்நிலத்தில் வெயில் அறுவடை. இங்கே ஒரு பிடி கரியும் எரியாமலே, கரியின் பெயரால் ஊரார் நிலம் வேலிக்குள்!

கடிவாளமும் அங்கே உண்டு. டென்மார்க்கில் 2009 இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய காற்றாலை அமைப்பவர் அதன் உரிமைப் பங்கில் ஐந்தில் ஒன்றை அயலில் வாழ்வோருக்கு விலைக்கு வழங்க முன்வருதல் வேண்டும் என்பது அதன் விதி. பல ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது. ஜேர்மனியோ, நிலத்தில் அமையும் சூரிய ஆலை உற்பத்தி செய்யும் ஒவ்வோர் அலகுக்கும் 0.2 யூரோ சதம் வரை அவ்வூரின் உள்ளூராட்சி மன்றத்துக்குக் கம்பனி செலுத்த 2021 இல் சட்டத்தில் வழி வகுத்தது. இத்தகைய ஏற்பாடுகள் தாமாக வரவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கிராமத்தவர் 2021 இல் மட்ரிட் வீதிகளில் அணிவகுத்து எழுப்பிய முழக்கம், புதுப்பிக்கும் மின்சாரம் வேண்டும், ஆனால் இவ்வாறு வேண்டாம் என்பதே. எஸ்திரமதுராவின் ஆட்டிடையனுக்கும் சம்பூரின் மாட்டுப்பட்டிக்காரனுக்கும் பாஷை வேறு, வழக்கு ஒன்று.

அந்த 0.2 சதத்தை எளிதென்று எண்ணிவிட வேண்டாம். எமது வறண்ட வலயத்து வெயிலில் ஒரு மெகாவாட் ஆலை ஆண்டொன்றுக்கு 15 இலட்சம் அலகு அளவில் தரக்கூடும். 50 மெகாவாட்டுக்கு ஏழரைக் கோடி அலகு. அலகொன்றுக்கு 0.2 சதம் என்றால் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் யூரோ. 120 மெகாவாட்டும் நிறைவுற்றால் மூன்றரை இலட்சத்துக்கும் மேல். இலங்கை நாணயத்தில் அது பல கோடி ரூபா. மூதூர்ப் பிரதேச சபையின் கையில் ஆண்டுதோறும், கேட்காமலே, கையேந்தாமலே அத்தொகை வந்து சேருமானால் கட்டைபறிச்சான் வீதிக்கும் கூனித்தீவுப் பள்ளிக்கும் சூடைக்குடா மீனவர் இறங்குதுறைக்கும் எத்தனை மனுக்கள் மிச்சமாகும்! இதற்குப் பதிலாகக் கம்பனிகள் வழக்கமாகச் செய்வது என்ன? பாடசாலைக்குப் பத்து மேசை, கோயிலுக்கொரு மணி, பள்ளிவாசலுக்கொரு தண்ணீர்த்தொட்டி, அருகிலே பெரியதொரு பெயர்ப்பலகை. தானம் வாங்கியவன் கணக்குக் கேட்க முடியாது, பங்குடையவன் கேட்பான்.

வேலைவாய்ப்பு வருமே என்பார்கள். கட்டும் காலத்தில் வரும். கட்டி முடிந்தபின் சூரிய ஆலைக்கு வேண்டுவோர் காவற்காரர், தகடு துடைப்போர், சில மின்வினைஞர் அவ்வளவே. அடுப்பூதுவார் வேண்டாத ஆலை அது. ஆகவே கூலியை நம்பி நிலத்தை விடுவது கணக்கறியாதார் செயல்.

மற்றொரு செய்தியையும் ஆட்சியாளர் மறைக்கலாகாது. இந்நாட்டில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படுவது மாலை விளக்கேற்றும் வேளையில். வெயில் மின் பெருகுவது நண்பகலில். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் உங்கள் கூரை மின்னை நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரையே மின்சார சபை வேண்டிக்கொண்டது. சேமிப்புக் கலங்கள் இன்றி ஆலைகளை மட்டும் பெருக்கினால், நண்பகலில் நிறுத்திவைக்கவா ஊரார் நிலம் பறிபோனது என்ற கேள்வி எழும். அன்று கொழும்பில் கைச்சாத்தான ஒப்பந்தங்களுள் இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைப்பதும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதும் அடங்கும். எஞ்சும் மின்சாரத்துக்கு நாளை கடல்கடந்த சந்தை வாய்க்கலாம். அப்போது வெயிலின் விலை உயரும். நிலத்தின் விலை மட்டும் பழைய வர்த்தமானியிலேயே உறங்குமோ?

இவ்விடயத்தில் அரசாங்கத்துக்கு அச்சம் வேண்டியதில்லை, பாடம் வேண்டும். மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்தில் விலையை மீளப் பேச அரசு முற்பட்டபோது, 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டது. விலையைப் பற்றிக் கொழும்பு பேசலாம் என்றால், பங்கைப் பற்றி மூதூர் ஏன் பேசக்கூடாது? துறைமுகத்தின் மறுபுறம் முத்துநகர் விவசாயிகள், தாம் பயிரிட்ட நிலத்தைத் துறைமுக அதிகார சபை சூரிய மின் கம்பனிகளுக்கு வழங்கியதை எதிர்த்து, 2025 இல் மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் அமர்ந்திருந்தனர். அந்நிலை சம்பூருக்கும் வரவேண்டுமென்று எவரும் விரும்பார்.

நாம் கேட்பவை இரண்டே. வேலிக்குள் அடங்கிய காணி ஒவ்வொன்றுக்கும், தாள் எரிந்தவர்க்கு அயலார் சாட்சியையும் ஏற்று, உரிமை விசாரணை நடத்தி, மாற்றுக் காணியோ இன்றைய விலையோ வழங்குதல் வேண்டும். உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகிலும் பிரதேச சபைக்கு ஒரு பங்கு, சட்டத்தின் வாயிலாக, ஆலை இயங்கும் காலம் முழுவதும் வருதல் வேண்டும். இரண்டாவது கோரிக்கையின் பயன் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மூதூர் நகரின் முஸ்லிம் வர்த்தகரும் சம்பூரின் தமிழ் உழவரும் தோப்பூரின் மீனவரும் ஒரே சபையின் வரியிறுப்போர். கட்சி எதுவாயினும், அச்சபையின் உறுப்பினர் அனைவரும் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஏகமனதாக நிறைவேற்றி, எரிசக்தி அமைச்சுக்கும் திருகோணமலை மின் நிறுவனத்துக்கும் அனுப்பலாம். தீர்மானம் ஒரு பக்கத்துக்கு மேற் போகாது. அதன் பிரதியொன்றைத் திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நேரிற் கையளித்துக் கையொப்பம் பெற்று வருவதும் சபையின் வேலையே.