வேற்றுலக மதகுருக்களும் பிள்ளை லோகாசாரியரும்

நான் படித்த தமிழ் அறிவியல் புனைகதைகளில், வேற்றுலகின் முதிய மதத்தலைவருக்கு இரண்டே வார்ப்புகள்தாம். ஒருவர் மக்களை ஏய்க்கும் கபடர். மற்றவர் தாடியை நீவிப் பொன்மொழி உதிர்ப்பவர். ஃபிராங்க் ஹெர்பர்ட் 'டியூன்' (1965) நாவலில் மதம் அதிகாரக் கருவியாவதை நுணுகி ஆராய்ந்தார். நம்மவர்களோ அங்கியை மட்டும் இரவல் வாங்குகிறார்கள்.

சுஜாதா வளர்ந்த திருவரங்கத்திலேயே இதற்கு மறுப்பு உண்டு. 1323இல் டில்லிப் படை வந்தபோது, தள்ளாத வயதிலிருந்த பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு வெளியேறினார் என்கிறது வைணவ மரபு. மதுரைக்கருகே ஜோதிஷ்குடியில் அவர் மறைந்தார். உற்சவர் அரங்கம் திரும்பியது 1371இல். இடையில் 48 ஆண்டுகள்.

கோயிலும் ஊரும் பறிபோனபின் ஒரு மதத்தலைவரிடம் எஞ்சுவது என்ன? அடியாரின் பிறப்பை ஆராய்வதே அபசாரம் என்று 'ஸ்ரீவசனபூஷண'த்தில் எழுதியவர் அவர். மதில்களுக்குள் எழுதிய அவ்வாக்கியம், அடைக்கலம் தேடி அலையும் காட்டுவழியில் என்ன பொருள் கொண்டிருக்கும்? புனைவு நுழையவேண்டிய இடம் இதுவே.

இது சரித்திர நாவலுக்குரிய பொருள், 'திருவரங்கன் உலா'வில் ஸ்ரீவேணுகோபாலன் எழுதிவிட்டாரே எனலாம். அது அரங்கனின் உலா. நான் கேட்பது அந்த முதியவரின் அகத்தை. பழகிய வழிபாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் புதிதாய்க் காணவே வேற்றுலகம் வேண்டும்.

கோளுக்குப் பெயர் சூட்டுவது எளிது. மீட்சியைத் தான் காணப்போவதில்லை என்றறிந்தும் நடக்கும் கிழவரை எழுதுவதே கடினம். அவரை எழுதவியலாத கதையில் வானத்தில் எத்தனை சூரியன்கள் இருந்தென்ன?